உடைவதற்கு முன்பே சூடாகிறது இரும்பு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறைகளிலும், சங்ககிரியில் ஸ்பிரிங் பட்டை மாற்றும் கடைகளிலும் ஒரே நம்பிக்கைதான். இரும்பு எப்போது உடையும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, உடைந்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். சந்தேகம் வந்தால், "இன்னும் ரெண்டு எம்.எம். தடியா போட்டுருங்க, ஒண்ணும் ஆகாதுங்க." பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

படித்த பொறியாளர்களும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சுமையை உலோகம் எவ்வளவு தாங்கும் என்ற அயர்ச்சி வலிமையைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் மெஷின் ஓட வேண்டும், டஜன் கணக்கில் துண்டுகளை உடைக்க வேண்டும், அதெல்லாம் விமானக் கம்பெனிக்கும் கார் கம்பெனிக்கும் கட்டுப்படியாகும், சிறு பட்டறைக்கு உருக்காலை தரும் இழுவிசைச் சான்றிதழ் போதும் என்கிறார்கள். பட்டறைக்காரரின் அனுபவமும் பொறியாளரின் படிப்பும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த முடிவு தவறு. உடையும்வரை இரும்பு எதையும் காட்டிக்கொள்ளாது என்பது உண்மையில்லை. ஏறி இறங்கும் சுமை ஓர் அளவைத் தாண்டியதும் இரும்பு சூடாகத் தொடங்குகிறது. எந்த இடத்தில் அந்தச் சூடு திடீரென்று கூடுகிறது என்று பார்த்தால், எவ்வளவு சுமைவரை அந்த இரும்பு அயராமல் தாங்கும் என்பதை ஒரே நாளில் மதிப்பிட்டுவிடலாம். இது நேற்று வந்த வித்தை இல்லை. 1914-லேயே செய்து காட்டிவிட்டார்கள்.

அதற்கு முன்னால், எதனால் உடைகிறது என்பதில் இங்கே இருக்கும் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எது உடைந்தாலும் நம் ஊரில் இரண்டே குற்றவாளிகள்: ஓவர்லோடு, இல்லாவிட்டால் மட்ட இரும்பு. முதல் குற்றச்சாட்டு டிரைவர் தலையில் விழும். இரண்டாவது இரும்புக் கடைக்காரர் தலையில் விழும். உடைந்த துண்டு அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விடும். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான், அதை எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

உடைந்த மெயின் பட்டை ஒன்றை அடுத்த தடவை காயலான் கடைக்கு அனுப்பாமல், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டியோ, யூ போல்ட் இறுகப் பிடிக்கும் விளிம்பிலோதான் முறிந்திருக்கும். முறிந்த முகம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பகுதி மழமழவென்று தேய்ந்து, பழுப்பேறி, துருப் பிடித்திருக்கும். அதில் பிறை வடிவக் கோடுகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிந்து போகும். அந்தப் பிறைகள் எல்லாம் எங்கிருந்து கிளம்புகின்றன என்று விரலால் பின்னோக்கித் தடவிப் போனால், பட்டையின் மேல்முகத்தில், இழுவிசை விழும் பக்கத்தில், ஒரு சின்னக் கீறலிலோ துருக் குழியிலோ ஓட்டையின் ஓரத்திலோ போய் நிற்கும். முகத்தின் மீதிப் பகுதி சொரசொரப்பாக, சர்க்கரை உடைத்தது மாதிரி பளபளக்கும். பழுப்பான பகுதி வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்ல வளர்ந்த விரிசல். பளபளக்கும் பகுதிதான் கடைசி நொடியில் உடைந்தது.

இதில் ஓவர்லோடு வாதத்துக்கு நேரான பதில் இருக்கிறது. கடைசியில் உடைந்த பளபளப்பான பகுதி சின்னதாகவும், பழுப்புப் பகுதி பெரியதாகவும் இருந்தால், உடைந்த அன்றைக்கு வண்டியில் இருந்த சுமை குறைவு என்று அர்த்தம். பட்டையின் பெரும்பகுதி ஏற்கெனவே அறுந்துபோயிருக்க, மிச்சமிருந்த சிறு பகுதியே அதுவரை சுமையைத் தாங்கி வந்திருக்கிறது. அன்றைக்கு ஓட்டிய டிரைவரின் மேல் பழி போடுவது அநியாயம். சட்டப்படி ஏற்ற வேண்டிய சுமையை மட்டுமே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் லட்சம் தடவை குலுங்கி ஓடிய வண்டியிலும் இது நடக்கும். உலோக அயர்ச்சி என்பது இதுதான். ஒரே தடவையில் உடைக்க முடியாத சுமை, திரும்பத் திரும்ப வந்தே உடைத்துவிடுகிறது.

"தடியா போடு" என்ற மருந்து இந்த நோய்க்குப் பல இடங்களில் வேலை செய்யாது. வெல்டிங் போட்ட இடத்தில் அயர்ச்சி வலிமையைத் தீர்மானிப்பது தகட்டின் தரமோ தடிமனோ மட்டும் இல்லை. வெல்டிங் முடியும் விளிம்பின் வடிவம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. உயர்தர எஃகைப் போட்டாலும் சாதாரண எஃகைப் போட்டாலும், வெல்டிங் செய்து அப்படியே விட்ட மூட்டு ஏறக்குறைய ஒரே அயர்ச்சி வலிமையைத்தான் காட்டும் என்பது உலகம் முழுக்கப் பாலம், கிரேன், கப்பல் வடிவமைப்பு விதிகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். சேஸிஸ் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு தடித்த பிளேட்டைக் குறுக்கே வெல்டிங் வைத்தால், பிளேட் வலுவாகத்தான் இருக்கும். அது முடியும் இடத்தில் சேஸிஸ் விரியும். சேஸிஸ் விளிம்பில் வெல்டிங் வைக்காதே, ஓட்டை போடாதே என்று வண்டிக் கம்பெனிகள் தங்கள் பாடி கட்டும் வழிகாட்டிகளில் எழுதி வைத்திருப்பது இதனால்தான். அதைக் கடைப்பிடிக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. கடைப்பிடிக்காதவை எத்தனை என்று சாலையோரம் நிற்கும் வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுமைக்கும் ஆயுளுக்கும் உள்ள கணக்கும் நம் மனக்கணக்குக்கு ஒத்துவராது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆயிற்று. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. ஏறிய எடை 14 சதவீதம். வெல்டிங் மூட்டின் ஆயுள் தகைவின், அதாவது பரப்பு அலகின் மேல் விழும் விசையின், மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகும். 1.14-ஐ மூன்று தடவை பெருக்கினால் ஏறக்குறைய 1.48. அதாவது அதே பாடி, அதே மூட்டு, அதே சாலையில் மூன்று வருடம் தாங்கியது இனி இரண்டு வருடம்தான் தாங்கும். சட்டப்படியான சுமையிலேயே மூன்றில் ஒரு பங்கு ஆயுள் போயிருக்கிறது. இந்தக் கணக்கை அறிந்து மூட்டை மாற்றியவர்கள் எத்தனை பேர்? மூட்டின் அயர்ச்சி வலிமை எவ்வளவு என்றே தெரியாதபோது எதை வைத்து மாற்றுவது?

ஆக, அளக்க வேண்டும். "மாதக்கணக்கு ஆகும்" என்ற ஆட்சேபம் இங்கேதான் வருகிறது. அது வந்த வழியைப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் புரியும்.

1842-இல் பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றிப் பெரும் உயிர்ச்சேதம் ஆன பிறகு ஐரோப்பாவில் இந்தக் கேள்வி தீவிரமானது. ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் 1850-களிலிருந்து 1870 வரை அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்தார். எவ்வளவு தகைவில் எத்தனை சுற்றில் உடைகிறது என்று குறித்து வைத்தார். ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எஃகு எத்தனை சுற்றானாலும் உடைவதில்லை என்று கண்டார். அந்த எல்லையைத்தான் அயர்ச்சி வரம்பு என்கிறோம். அதைக் கண்டுபிடிக்க இன்றும் பெரும்பாலும் அவர் வழிதான். ஒரு துண்டை ஒரு கோடி சுற்று ஓட்டுவது, உடையாவிட்டால் தகைவைக் கூட்டி அடுத்த துண்டு, உடைந்தால் குறைத்து அடுத்த துண்டு. வினாடிக்கு 50 சுற்று ஓடும் மெஷினில் ஒரு கோடி சுற்றுக்கு 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 30 துண்டில் பாதி உடையாமல் முழுக்க ஓடினாலே 35 நாள். வினாடிக்கு 10 சுற்று ஓடும் ஹைட்ராலிக் மெஷினாக இருந்தால் ஆறு மாதம். பொறியாளர்கள் சொல்லும் மாதக்கணக்கு இதுதான். கணக்கில் பிழையில்லை. இது ஒன்றே வழி என்பதில்தான் பிழை.

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்தவர்கள் எல்லோருக்கும் வளைத்த இடம் சுடும் என்று தெரியும். உடைவதற்கு முன்பே அது சுட ஆரம்பித்துவிடும். உலோகத்தின் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்போது செலவாகும் வேலையின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. கேம்பிரிட்ஜில் டெய்லரும் குவின்னியும் 1934-இல் அளந்தபோது, உலோகத்தை நிரந்தரமாக உருக்குலைக்கச் செலவாகும் வேலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது என்று தெரிந்தது. மிச்சம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கட்டுக்கம்பியில் கையால் உணர முடிகிற அளவுக்கு இது நடக்கிறது. லாரி பட்டையில் டிகிரியின் பின்னத்தில் நடக்கிறது. அளவுதான் வேறு, நிகழ்வது ஒன்றே.

இதைச் சோதனையாக மாற்றியவர் ஸ்ட்ரோமெயர். மான்செஸ்டர் நீராவிப் பயனாளர் சங்கத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். 1914-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கைகளில் அவருடைய கட்டுரை வெளியானது. சோதனைத் துண்டைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டு, உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கவனித்தார். சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் தண்ணீர் சூடாகத் தொடங்கியது. அந்தத் தகைவை அயர்ச்சி வரம்பாக எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மூரும் காமர்ஸும் வெப்ப உயர்வை வைத்தே வேகச் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். அன்றைய வெப்பமானிகள் போதவில்லை, வழி தேங்கிப்போனது. அகச்சிவப்புக் கேமராக்கள் நல்லவையாக வந்த பிறகு பிரான்சில் லுவோங் 1990-களில் அதை மீட்டெடுத்தார். இத்தாலியின் கத்தானியா பல்கலைக்கழகத்தில் லா ரோசாவும் ரிசித்தானோவும் 2000-இல் வெளியிட்ட முறை இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

முறை எளிது. துண்டின் மேல் மட் கருப்புப் பெயின்ட் மெலிதாக அடிக்கிறோம். பளபளக்கும் எஃகு தன் வெப்பத்தைச் சரியாக வெளிவிடாது, சுற்றியிருப்பவற்றின் வெப்பத்தைப் பிரதிபலித்துக் காட்டும். கேமரா இல்லாவிட்டால் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை நடுவில் ஒட்டுகிறோம். குறைந்த தகைவில் மெஷினை ஓட்டுகிறோம். வெப்பம் சிறிது ஏறி, ஒரு நிலையில் நின்றுவிடும். உள்ளே உண்டாகும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிட்ட நிலை அது. அந்த நிலையான உயர்வைக் குறித்துக்கொண்டு, சுமையை ஒரு படி கூட்டி, திரும்பவும் காத்திருக்கிறோம். கீழ்ப் படிகளில் உயர்வு கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. ஒரு படியில் சட்டென்று கூடும். அடுத்த படிகளில் இன்னும் வேகமாகக் கூடிக்கொண்டே போகும். குறித்த புள்ளிகளைத் தாளில் வைத்து, கீழ்ப்பக்கத்துக்கு ஒரு கோடு, மேல்பக்கத்துக்கு ஒரு கோடு இழுத்தால் இரண்டும் வெட்டும் இடம்தான் அயர்ச்சி வரம்பின் மதிப்பீடு. படிக்குக் கால் மணி நேரம் என்றால் பன்னிரண்டு படிக்கு மூன்று மணி நேரம். காலையில் ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு ஓட்டிவிடலாம். முப்பது துண்டும் ஆறு மாதமும் தேவைப்பட்ட கேள்விக்கு, மூன்று துண்டில் ஒரே நாளில் முதல் பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலை உறுதிசெய்ய, மதிப்பிட்ட வரம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு துண்டை மட்டும் முழுசாக ஓட்டிப் பார்த்தால், வினாடிக்கு 50 சுற்று ஓடும் மெஷினில் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்த முறைக்கு எதிராக ஆய்வாளர்கள் வைக்கும் வாதங்கள் பட்டறை வாதங்களைவிடக் கனமானவை. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

வெப்பம் வேறு, சேதம் வேறு என்பது முதல் வாதம். உண்மைதான். அயர்ச்சி வரம்புக்குக் கீழேயும் உலோகத்தின் உள் உராய்வால் கொஞ்சம் சூடு வரும், அதனால் ஆயுள் குறையாது. இழுக்கும்போது எஃகு குளிர்வதும் அழுத்தும்போது சூடாவதும் வேறு இருக்கிறது. 100 மெகாபாஸ்கல் தகைவுக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவு அது. ஆனால் அந்தக் குளிர்ச்சியும் சூடும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சராசரி எடுத்தால் போய்விடும். உள் உராய்வின் சூடு மெல்ல, ஒரே சரிவில் ஏறும். இந்த முறை சூடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. சரிவு எங்கே மாறுகிறது என்றுதான் கேட்கிறது. "கீழேயும் சூடு வருகிறதே" என்பது அந்தக் கேள்விக்கு மறுப்பு ஆகாது.

உயர்வலிமை எஃகில் இது சரியாக வராது என்பது இரண்டாவது வாதம். இதில் பெரும் பங்கு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டே மேலே போகிறேன். ஸ்பிரிங் எஃகு மாதிரி கடினமான எஃகில் விரிசல் பல சமயம் உள்ளே புதைந்த கசட்டுத் துகள் ஒன்றிலிருந்து கிளம்பும். துகளைச் சுற்றி ஊசிமுனை அளவில் நடப்பது முழுத் துண்டின் சராசரி வெப்பத்தில் தெரியாது. ஒரு கோடி சுற்றைத் தாண்டி நூறு கோடி வரை போனால் அயர்ச்சி வரம்பு என்பதே இல்லை என்று பிரெஞ்சு ஆய்வாளர் பாத்தியாஸ் 1999-இல் எழுதியதும் சாதாரணமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. ஆகவே ஸ்பிரிங் எஃகில் இந்த முறை தரும் எண்ணை வடிவமைப்பு எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டு பட்டைகளை ஒப்பிட அது உதவும். நம் பட்டறைகளுக்கு முதலில் வேண்டியது ஒப்பீடுதான். பாடி, டேங்கர் தாங்கிகள் போன்றவை செய்யப்படும் சாதாரணக் கட்டமைப்பு எஃகில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. முறை நன்றாக வேலை செய்வது அங்கேதான்.

மூன்றாவது, சேலம் வெயில் வாதம். 40 டிகிரி கொதிக்கும் தகரக் கொட்டகையில் பின்ன டிகிரியை எப்படி அளப்பது? சுமையே ஏற்றாத அதே எஃகுத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அளந்தால் கொட்டகைச் சூடு கணக்கிலிருந்து போய்விடும். மெஷினைச் சுற்றி அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஃபேன் காற்றைத் தடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சுழல் வளைவு மெஷினில் பேரிங் சூடு துண்டுக்குள் ஏறிவரும். அதனால் முதலில் ஒரு மணி நேரம் மிகக் குறைந்த சுமையில் ஓட்டி, பேரிங் நிலைப்பட்ட பிறகே அளவைத் தொடங்க வேண்டும். இவையெல்லாம் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ளும் கைவேலைகள்.

இன்னொரு தவறான புரிதலையும் இங்கே சேர்த்து மறுக்க வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய வெப்பமானித் துப்பாக்கியை ஓடி வந்து நின்ற லாரியின் ஹப்பில் காட்டி, "சூடு ஜாஸ்தி, அச்சு போகப்போகுது" என்று சொல்லும் பழக்கம் பரவி வருகிறது. தொப்பூர் கணவாய் இறங்கி வந்த வண்டியின் ஹப் சூடாக இருப்பது பிரேக்கால். பேரிங்கில் கிரீஸ் போனாலும் சூடாகும். அதைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதற்கும் அயர்ச்சி வலிமைக்கும் சம்பந்தம் இல்லை. அயர்ச்சியை வெப்பத்தால் அறிவது மெஷினில், தெரிந்த சுமையில், தெரிந்த வேகத்தில் செய்யும் சோதனை. சாலையில் செய்ய முடியாது.

செலவைப் பற்றி. நல்ல வெப்பக் கேமரா விலை அதிகம்தான். தெர்மோகப்பிள் மலிவு. சுமை ஏற்றும் மெஷின்தான் பெரிய செலவு என்பார்கள். பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் பொருள் வலிமை ஆய்வகங்களில் சுழல் வளைவு மெஷின் ஒன்று இருக்கும். செய்முறைத் தேர்வுக்கு ஒரு துண்டை உடைத்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966 முதல் இயங்குகிறது. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. மேச்சேரி அருகே பொட்டனேரியில் வாகன எஃகு உருக்கும் ஆலையே இருக்கிறது. ஒற்றைப் பட்டையை மேலும் கீழும் ஆட்டும் மெஷினுக்கு வேண்டியது ஒரு மோட்டாரும், கிராங்கும், சட்டமும்தான். கம்ப்ரஸரும் ஹைட்ராலிக்கும் மாஸ்ட்டும் பூட்டி முழு ரிக்கையே கட்டி இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. பட்டைகள் அடுக்கிய முழு ஸ்பிரிங் கட்டைப் பூட்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே உராயும் சூடு, நாம் தேடும் சூட்டை மூழ்கடித்துவிடும்.

ரிக்காரர்களுக்கு இந்த விஷயம் எல்லோரையும்விட அவசரம். குழிக்குள் இறங்கி அடிக்கும் ஹேமர் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கிறது. பத்து மணி நேர வேலையில் ஆறு லட்சம் அடி. பதினேழு நாளில் ஒரு கோடி. ஆய்வகச் சோதனையின் அந்த ஒரு கோடி சுற்றை ஒரு ரிக் மூன்று வாரத்துக்குள் தாண்டிவிடுகிறது. ஆனால் அதை யாரும் அளப்பதில்லை, பதிவு செய்வதில்லை. ராடு மரை கழன்று முறிந்து, எண்ணூறு அடி ஆழத்தில் ஹேமரோடு போய் விழுந்த பிறகு, "ராடு மட்டம்" என்று சொல்லிவிட்டு, விழுந்ததைக் கவ்விப் பிடிக்கும் கருவியை இறக்கி எடுக்கப் பார்க்கிறார்கள். எடுக்க முடியாவிட்டால் போரே வீண். விவசாயி கொடுத்த பணமும் வீண்.

வெல்டிங்குக்கும் வருகிறேன். வெல்டிங் விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து மென்மையாக்கினால் அயர்ச்சி வலிமையை 30 சதவீதம் கூட்டிக் கணக்கிடலாம் என்று சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகள் அனுமதிக்கின்றன. மூன்றாம் அடுக்குக் கணக்கில் அது இரண்டு மடங்குக்கும் மேலான ஆயுள். இரும்பு கூடுதலாக ஒரு கிலோகூட வேண்டாம், தேய்க்கத் தெரிந்த கை போதும். தேய்த்த மூட்டு ஒன்று, தேய்க்காத மூட்டு ஒன்று, "தடியா போட்ட" மூட்டு ஒன்று. மூன்றையும் ஒரே மெஷினில் வைத்து ஒரே நாளில் வெப்பம் பார்த்தால் எது முதலில் சூடாகிறது என்று கேமராவில் கண்ணெதிரே தெரியும். பிற்பாடு விரிசல் கிளம்பப்போகும் முனை மற்ற இடங்களுக்கு முன்பே வெளுத்துக் காட்டும். நாமக்கல்லின் எரிவாயு டேங்கர்கள் தென்னிந்தியா முழுக்க ஓடுகின்றன. டேங்க்கைத் தாங்கும் வெல்டிங் மூட்டுக்கு இதைச் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது?

ஸ்ட்ரோமெயர் வேலை பார்த்த இடத்தைத் திரும்பக் கவனிக்கச் சொல்கிறேன். அது பல்கலைக்கழகம் இல்லை, அரசு ஆய்வகம் இல்லை. மான்செஸ்டரில் ஆலைகளில் கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, கொதிகலன் வைத்திருந்த முதலாளிகளே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேர்ந்து அமைத்த சங்கம். சந்தா கட்டினார்கள், பரிசோதகர்களை நியமித்தார்கள், பொறியாளரை வேலைக்கு வைத்தார்கள். அயர்ச்சியை வெப்பத்தால் அளக்கும் வழி அந்தச் சந்தாப் பணத்தில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்துதான் பிறந்தது. நாமக்கல்லில் லாரி உரிமையாளர் சங்கம் இருக்கிறது, எரிவாயு டேங்கர் உரிமையாளர் சங்கம் இருக்கிறது. ரிக் உரிமையாளர்களுக்கும் சங்கம் உண்டு. வாடகை உயர்வுக்கும் டீசல் விலைக்கும் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைக்கும் சங்கங்கள் இவை. ஒரு மெஷினும், தெர்மோகப்பிளும், சம்பளத்துக்கு ஒரு இளம் பொறியாளரும் இவர்கள் சக்திக்கு மீறியவை என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

தொடங்குவதற்கு எளிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டை உடைந்த ஸ்பிரிங் கட்டிலிருந்து மிச்சப் பட்டைகளைச் சூடாக்கித் தட்டி, கேம்பர் (வளைவு) ஏற்றி, திரும்பப் பூட்டுவது நம் கடைகளில் தினசரி வழக்கம். டெம்பர் போயிருக்குமா, மேல்தோலில் கார்பன் எரிந்து மெலிந்திருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. "புதுசு மாதிரிதாங்க" என்று கடைக்காரர் சொல்கிறார், உரிமையாளர் நம்புகிறார், டிரைவர் அதன் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறார். அந்த வார்த்தை உண்மையா என்று பார்க்க, ஒரே எஃகில் ஒரே அளவில் புதுப் பட்டை மூன்றும், கேம்பர் ஏற்றிய பட்டை மூன்றும் போதும். ஆறு துண்டு, இரண்டு நாள் மெஷின் நேரம். எது எந்தத் தகைவில் சூடாக ஆரம்பிக்கிறது என்று ஒரே தாளில் குறித்து, கடைவாசலில் ஒட்டலாம். அதற்குப் பிறகும் கேம்பர் ஏற்றிய பட்டையையே பூட்டச் சொல்கிற உரிமையாளர், அந்தத் தாளை டிரைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும்.